நான் பலப்படுத்தித் தைத்த இடம்

தொண்ணூறுகளின் நடுவில், ஏற்காட்டில் ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வருடத்தில் நடந்தது இது. அப்போது நான் அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். கணவர் காபி எஸ்டேட் ஒன்றில் கணக்கு எழுதும் ரைட்டர். எங்களுக்கு ஒரே மகள். சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள்.

நான் சுபாவத்திலேயே பயந்தவள். மகள் சென்னைக்குப் போகப் பஸ் ஏறினால், இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் சேர்ந்திருப்பாள் என்று கணக்குப் போட்டு முடிக்கும்வரை அடுப்புப் பற்றவைக்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இப்படிப்பட்ட ஒருத்திதான் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

மகளின் ஆராய்ச்சியை அவள் எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லிப் பார்க்கிறேன். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அப்போது புதுசு. பெரிய காந்தக் குழாய்க்குள் ஆளைப் படுக்கவைத்து, அந்த மெஷின் ஒரு ரேடியோ அலையை உடம்புக்குள் அனுப்புமாம். உடம்பு அதற்குப் பதிலாக மிக மெல்லிய அலை ஒன்றைத் திருப்பி அனுப்புமாம். அந்தப் பதிலைக் கேட்டு வாங்க உடம்பின் மேல் வைக்கிற செம்பு வளையத்துக்குக் காயில் என்று பெயர். டி.வி.க்கு ஆன்டெனா மாதிரி. அப்போதிருந்த காயில்கள் கெட்டிப் பிளாஸ்டிக் கூடுகள். தலைக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று என்று இருந்தன. விலாப்பக்கம் வைத்தால் உடம்போடு ஒட்டாது. தள்ளி நிற்க நிற்கப் படம் மங்கும்.

அவளுடைய பேராசிரியருக்கு இன்னொரு எண்ணமும் இருந்தது. ஈரலில் கட்டி இருந்தால் வயிற்றைக் கிழிக்காமல், ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே ஒரே ஒரு ஊசியை உள்ளே விட்டு, பரிசோதனைக்குத் துளி சதை எடுத்துவிடலாம் என்பது. அதற்குத் துணி போல உடம்பைச் சுற்றிக்கொள்ளும் காயில் வேண்டும். நடுவில் டாக்டரின் ஊசி போக ஒரு ஜன்னலும் வேண்டும். அதைச் செய்வதுதான் என் மகளின் வேலை.

அந்தத் தீபாவளிக்கு அவள் பலகாரப் பையோடு வரவில்லை. உடைந்த பிளாஸ்டிக் தாள்களோடு வந்தாள். தாள்மேல் செம்புத் தகட்டை ஒட்டியிருந்தாள். பத்துத் தடவை வளைத்தால் தகடு கீறிப்போகிறது. வெளியே பனிமூட்டம் ஜன்னல்வரை வந்து நிற்க, அவள் தரையில் உட்கார்ந்து வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எவ்வளவு மெல்லிசாப் போட்டாலும் உடையுதும்மா.”

“நேராப் போட்டா உடையத்தான் செய்யும் கண்ணு. எலாஸ்டிக்கு மேல நூல நேரா ஓட்டிப் பாரு, ஒரே இழுப்புல தெறிச்சுரும். நெளிச்சு நெளிச்சு ஓட்டோணும்.”

சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். மறுநாள் காலை, வீட்டில் மிச்சமிருந்த ஆன்டெனா ஒயரின் மேல்தோலை உரித்து, உள்ளே பின்னலாக இருந்த செம்பை முழம் முழமாக உருவிக்கொண்டிருந்தாள். என் கணவர் ஆபீஸ் கிளம்பும்போது வாசலில் நின்று பார்த்தார்.

“ஆத்தாளும் மகளும் டி.வி.யப் பிரிச்சு இடுப்புல கட்டிக்கப் போறீங்களா?”

“ஆமாங்கப்பா. சாயங்காலம் வந்தீங்கன்னா எங்க வயித்துலயே செய்தி பாக்கலாம்” என்றாள் மகள்.

நான்கு நாள் லீவும் அதற்கே போயிற்று. காடாத்துணியில் அவள் பென்சிலால் வரைந்து கொடுத்தாள். செம்புப் பின்னலைத் தட்டையாக்கி, சின்னச் சின்ன அலையாக வளைத்து வைத்து, நைலான் நூலால் நான் பிடித்துத் தைத்தேன். நடுவில் ஜன்னலுக்குப் பொத்தான் துளைக்குப் போடுவது போல விளிம்பு கட்டினேன். வளையத்தில் சில இடங்களில் அவள் இடைவெளி விடச் சொன்னாள். அந்த இடங்களில் அரிசி நொய் மாதிரி இருந்த சின்னச் சின்ன பாகங்களை வைத்துப் பற்றவைத்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் தைத்ததில்லை. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு நம்மிடம் கேட்டுக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கிறது என்பது சாதாரண சந்தோஷமில்லை.

கடைசி நாள் பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. “மேல்துணியை மூடித் தைச்சுரும்மா” என்று சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போனாள். மூடும்முன் ஒருமுறை முழுதும் தடவிப் பார்த்தேன். ஒரு துணியை முடிக்கும்முன் தையலைத் தடவிப் பார்ப்பது என் பழக்கம். எந்த இடம் முதலில் விடும் என்று விரலுக்குத் தெரிந்துவிடும். ஓரிடத்தில் இரண்டு பின்னல் நுனிகளுக்கு நடுவே, தலைமுடி கனத்தில் ஒரே ஒரு கம்பி இருந்தது. அதன் நீளம் ஒரு நகத்தின் அகலம்தான் இருக்கும்.

அவசரத்தில் பெண் இதைச் சரியாகச் செய்யாமல் விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். இவ்வளவையும் கெட்டியாகத் தைத்துவிட்டு இந்த ஓரிடத்தில் அறுந்துபோனால் இத்தனை உழைப்பும் வீண். மிச்சமிருந்த பின்னலில் ஒரு துண்டை வெட்டி அந்த இடத்தின் மேல் வைத்தேன். இரண்டு நுனியிலும் செம்போடு செம்பு பதிய நூலைச் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. மேல்துணியை மூடித் தைத்துவிட்டேன்.

அவளிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. சட்டைக்குப் பொத்தானை இறுக்கித் தைத்தால் யாரிடமாவது போய்ச் சொல்வோமா? அப்படித்தான் இருந்தது எனக்கு.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மகள் எங்கள் ஊர் ஒண்டிக்கடை முக்கில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்வாள். நான் போய்க் காத்திருப்பேன். அடுத்த ஞாயிறு அவள் குரலில் அப்படி ஒரு துள்ளல். மேஜைமேல் வைத்துச் செய்த பரிசோதனை எல்லாம் தேறிவிட்டதாம். எவ்வளவு வளைத்தும் உடையவில்லையாம். கூடப் படிக்கிற பிள்ளைகள் அதற்கு ‘அம்மா காயில்’ என்று பெயர் வைத்துவிட்டார்களாம். பேராசிரியர் அந்த நெளிவைப் பார்த்துவிட்டு, “இதைத் தைத்தவரிடம் என் வணக்கத்தைச் சொல்” என்றாராம். மறுநாள் பள்ளியில் ஒவ்வொரு டீச்சரிடமும் தனித்தனியாக இதைச் சொன்னேன். சிலரிடம் இரண்டு தடவை.

அதற்கு அடுத்த ஞாயிறுதான் அந்த நாள்.

“அம்மா, இன்னைக்கு மெஷின்ல வெச்சுப் பாக்கப் போறோம். கல்லூரியை ஒட்டி இருக்கிற ஸ்கேன் கட்டடத்துல ஒன்பதரைக்கு மெஷின் காலியாகும். நாந்தான் படுத்துக்கப் போறேன்.”

“நீ எதுக்குக் கண்ணு? வேற ஆளே கெடைக்கலியா?”

“நான் செஞ்சதை இன்னொருத்தர் மேல முதல்ல வைப்பாங்களாம்மா?”

சூடாகுமா, கரண்ட் அடிக்குமா என்று நான் வழக்கம் போல ஆரம்பித்தேன். அவள் சிரித்துக்கொண்டே சமாதானம் சொன்னாள். மெஷின் அலையை அனுப்புகிற நேரத்தில் காயில் தானாகத் தூங்கிவிட வேண்டுமாம். அதற்கென்று ஒரு பாகம் இருக்கிறதாம். அது வேலை செய்யாவிட்டால் அந்த அலை முழுக்க செம்பில் ஏறி உடம்பைச் சுட்டுவிடக்கூடும்.

“ஆனா அதுக்கும் ஒரு காவல் வெச்சிருக்கேன்ம்மா. ஒரு எடத்துல முடி மாதிரி ஒரே ஒரு கம்பி விட்டிருக்கேன். நம்ம ஊட்டு ஃபியூஸ் மாதிரி. எது தப்பாப் போனாலும் அதுதான் முதல்ல அறுந்துக்கும். அப்புறம் ஒண்ணும் ஆகாது. நீ பயப்படாத.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. மழைக்காலத்தில் ஃபியூஸ் கம்பி மாற்றாத வீடு ஏற்காட்டில் ஏது? தடித்த கம்பி போட்டால் என்ன ஆகும் என்று தெரியாத அளவுக்கு நான் படிக்காதவளும் இல்லை. வாயைத் திறந்தேன். பேராசிரியர் சொல்லி அனுப்பிய வணக்கம் ஞாபகம் வந்தது. பள்ளியில் நான் சொல்லிக்கொண்டு திரிந்ததெல்லாம் ஞாபகம் வந்தது. அந்தப் பக்கம் அவள் சிநேகிதிகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. “சரி கண்ணு, பாத்துப் பண்ணு” என்றேன். போனை வைத்துவிட்டேன்.

வெளியே வந்து குடையை விரித்து வீட்டுப் பக்கம் நடந்தேன். நடந்துகொண்டே எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பாகம் வேலை செய்யாமல் போனால்தானே அந்தக் கம்பிக்கு வேலை? எல்லாப் பரிசோதனையும் தேறியிருக்கிறதே? பெரிய படிப்புப் படித்தவர்கள் அத்தனை பேர் பக்கத்தில் இருக்கிறார்களே? சாயங்காலம் எப்படியும் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும், அடுத்த லீவுக்கு வரும்போது சாவகாசமாகப் பிரித்து எடுத்துவிடலாம். சின்னச் சின்னதுக்கெல்லாம் நடுங்குகிற நான், நிஜமாகவே நடுங்க வேண்டிய நேரத்தில் இவ்வளவு தைரியமாக யோசித்தேன். காபித் தோட்டத்து வேலிவரை போய்விட்டேன். அங்கே என்ன ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. அவள் அந்தத் துணியை விலாவில் சுற்றிக்கொண்டு, என் தையல் பக்கம் உடம்பில் படப் படுத்திருப்பது கண்ணில் தெரிந்தது. திரும்பி ஓடினேன்.

பூத் வாசலில் தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடியும் நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைந்தேன். மகளின் துறை நம்பர் என் கைப்பையில் ஒரு சீட்டில் இருந்தது. அழுத்தினால் லைன் கிடைக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். மழை வந்தால் ஏற்காட்டு லைன் எப்போதும் அப்படித்தான். பத்துத் தடவைக்கு மேல் ஆகியிருக்கும்.

“ஏனுங்க டீச்சர், இப்புடி அமுத்துனீங்கன்னா நம்பரு தேஞ்சு போயிருமுங்க” என்றார் பூத்காரர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஜோடியிடம் திரும்பி, “சித்த இருங்க, உங்க கல்யாணம் எங்கயும் ஓடிப் போயிறாது” என்றார்.

ஒன்பது மணி தாண்டி அந்தப் பக்கம் மணி அடித்தது. எடுத்தவர் துறை வாசல் கேட்டில் இருந்த வாட்ச்மேன்.

“யாரும்மா? இன்னிக்கு லீவு. ஒருத்தரும் இல்ல.”

“ஏற்காட்டுலருந்து பேசறேனுங்க. என் பொண்ணு அங்க ஆராய்ச்சி பண்றா. ஸ்கேன் எடுக்கப் போயிருக்கா. அவள உடனே கூப்புடோணுங்க. நொம்ப அவசரம்.”

“ஸ்கேன் கட்டடம் அந்தக் கோடிலம்மா. கேட்டை விட்டுட்டு நான் போக முடியாது. வந்தா சொல்றேன்.”

“ஐயா, நெசமாலுமே அவசரமுங்க.”

“எல்லா அம்மாவும் அதான் சொல்றாங்க. போன வாரம் ஒரு அம்மா, பையன் எண்ணெ தேச்சுக் குளிச்சானான்னு பாக்கச் சொல்லி என்னை ஹாஸ்டலுக்கு அனுப்பிச்சுது.”

போனை வைக்கப் போகிறார் என்று தெரிந்தது. அவசரம் என்ற சொல்லைத் தவிர வேறு ஏதாவது சொல்லியாக வேண்டும். கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தாது. வெளியே நின்றவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள்.

“ஐயா, நான் ஒரு தப்புப் பண்ணிப்போட்டேனுங்க. அவ மேல சுத்திக்கிற துணிய நாந்தான் தைச்சேன். ஆபத்து வந்தா அறுந்துக்கறதுக்குன்னு அவ ஒரு கம்பி விட்டிருந்தா. அவளுக்குத் தெரியாம அத நான் கெட்டியாக் கட்டிட்டேன். இப்ப அதச் சுத்திக்கிட்டு அவ மெஷின்ல படுக்கப் போறா. சுட்டுருமுங்க.”

அவர் போனை வைக்கவில்லை.

“போய் இன்னா சொல்லணும்? சின்னதா சொல்லு. பெருசா சொன்னா நிக்காது.”

“அம்மா மெல்லிசான எடத்தக் கட்டிட்டாங்க. பிரிச்சுப் பாக்காமப் படுக்காதே.”

“மெல்லிசான எடத்தக் கட்டிட்டாங்க. பிரிச்சுப் பாக்காமப் படுக்காதே. சரி, வை.”

பூத்தின் நம்பரையும் சொன்னேன். அதற்குள் வைத்துவிட்டார். கேட்டாரோ இல்லையோ தெரியாது. மணி ஒன்பது இருபது. நான் வெளியே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். அந்த ஜோடி உள்ளே போகவில்லை. “கால் வந்தா லைன் ஃப்ரீயா இருக்கட்டும்மா” என்றாள் அந்தப் பெண். அவள் பேர்கூட நான் கேட்கவில்லை. ஒன்பதரை ஆயிற்று. பத்தாயிற்று. பூத்காரர், வருகிறவர்களை எல்லாம் கையசைத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

பத்தேகாலுக்கு மணி அடித்தது. மகள்தான்.

அவள் துணியைச் சுற்றிக்கொண்டு படுத்துவிட்டிருந்தாளாம். படுக்கை குழாய்க்குள் போக வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில், இடுப்பு பெல்ட்டும் விசிலும் இரும்புப் பூண் போட்ட தடியுமாக ஒருவர் மூச்சிரைக்க அந்த அறைக்குள் நுழையப் பார்த்திருக்கிறார். அந்தக் காந்தத்துக்கு முன்னால் இரும்பு போனால் அது ஆளோடு இழுத்துக்கொள்ளுமாம். டெக்னீசியன் பாய்ந்து அவரை வாசலிலேயே கட்டிப்பிடித்து நிறுத்தினாராம். வாட்ச்மேன் அவர் பிடியில் இருந்தபடியே, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பது போல நான் சொன்ன இரண்டு வரியையும் ஒப்பித்தாராம்.

“பிரிச்சோம்மா. இருந்துச்சு” என்றாள். அப்புறம் கொஞ்சம் மெதுவாக, “ஏம்மா அப்பவே சொல்லல?”

“போன வெச்சதுக்கு அப்பறந்தான் கண்ணு தோணுச்சு” என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. தப்பு அவளுடையது என்றாள். அந்தக் கம்பி எதற்கு என்று எனக்குச் சொல்லியிருக்க வேண்டுமாம், மூடித் தைக்கும்முன் தானே பார்த்திருக்க வேண்டுமாம். பேராசிரியரும் அதையே சொல்லி, இனிமேல் மூடுவதற்கு முன் இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டாராம்.

நான் கட்டியதை எடுத்துவிட்டு அடுத்தடுத்த ஞாயிறுகளில் பரிசோதனையைத் தொடர்ந்தார்கள். மூன்றாவதோ நான்காவதோ தடவை, அவள் படுத்திருக்கும்போதே திரையில் படம் திடீரென்று கறுத்துப்போயிற்றாம். வெளியே வந்து பிரித்துப் பார்த்தால் அந்த முடிக் கம்பி அறுந்திருந்தது. வளைத்து வளைத்து, தூங்கவைக்கிற பாகத்தின் பற்றவைப்பு விட்டுப்போயிருந்ததாம். அவளுக்கு உடம்பில் ஒன்றும் தெரியவில்லையாம். துணியில் கடுகளவு ஒரு பழுப்புப் புள்ளி மட்டும் இருந்ததாம். சாப்பிட்டாயா என்று நான் கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டே நடுவில் இதையும் சொன்னாள். நான் பூத்துக்குள் அப்படியே சுவரோடு சாய்ந்துகொண்டேன். அவள் அந்தப் பக்கம், “அம்மா, இருக்கியா? அம்மா” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பொங்கல் லீவில் சென்னை போனபோது அந்த வாட்ச்மேனைப் பார்த்தேன். எங்கள் ஊர் மிளகும் காபித்தூளும் கொண்டுபோயிருந்தேன். என்னைவிடச் சின்னவர்.

“ஊசிநூல் அம்மா நீதானா?” என்றார். கேட்டை விட்டுப் போனதற்கு அவரிடம் விளக்கம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். அதைச் சொல்லிச் சிரித்தார். என்னை நம்பி எதற்குப் போனீர்கள் என்று கேட்டேன்.

“அவசரம்னு சொன்னவரைக்கும் நான் போற மாதிரி இல்லம்மா. தப்புப் பண்ணிட்டேன்னு சொன்ன பாரு, அப்பதான் சைக்கிளை எடுத்தேன். அதை யாரும் ட்ரங்க் கால் போட்டுச் சும்மா சொல்ல மாட்டாங்க.”

மிளகை வாங்கிக்கொண்டார். காபித்தூளை, டீதான் குடிப்பேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மகள் இப்போது வேறு ஊரில் இதே மாதிரி வேலைதான் செய்கிறாள். துணி போய் வேறு ஏதேதோ வந்துவிட்டது. ஊசி போகும் ஜன்னல் மட்டும் இருக்கிறதாம். கூட வேலை செய்கிறவர்களிடம் இந்தக் கதையை அவள் சிரித்துச் சிரித்துச் சொல்வாளாம். அவள் சொல்கிற கதையில் அம்மா போனை வைத்த மறு நிமிடமே விஷயம் புரிந்து பதறி ஓடி வருகிறாள். அப்படித்தான் நான் அவளுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

தெரியாமல் கட்டிய முடிச்சை நானும் சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவேன். தெரிந்த பிறகு, பெண்ணின் உடம்பைவிட என் பேர் பெரிதென்று குடை பிடித்துக்கொண்டு நடந்துபோன அந்தக் கால் மணி நேரத்தைத்தான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மகள் இதைப் படிப்பாள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்; படித்துவிட்டு அவள் என்ன நினைத்தாலும், அன்று முன்பின் தெரியாத ஒருவரிடம் தப்புப் பண்ணிவிட்டேன் என்று சொல்ல முடிந்த எனக்கு, இந்தத் தப்பை அவளிடம் சொல்ல இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.